வாடகைக் காலணியும் சொந்தப் பொறுப்பும்

ஒரு பொருளை விலைக்கு வாங்குவோனுக்கும் வாடகைக்குப் பெறுவோனுக்கும் கடமை ஒன்றுதானா? இவ்வினா மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் சில இடங்களில் மனிதரின் உயிரே இதனைப் பொறுத்து நிற்கின்றது.

தில்லி மாநகரில், இந்திய தேசிய இராணுவத்தின் பெயரைத் தாங்கி விளங்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் வாங்கும் நம்மவரைப் பாருங்கள். செவுளை விரித்துச் சிவப்பு உளதா என்று நோக்குவர். கண் தெளிந்திருக்கின்றதா என்று பார்ப்பர். விரலால் அழுத்திச் சதையின் உறுதியைச் சோதிப்பர். கெட்ட மீனால் வரும் கேடு பெரும்பாலும் வயிற்று நோயோடு முடிவது. அதற்கே இத்துணை விழிப்பு!

இவர்களே குளிர்கால விடுமுறையில் இரவுப் பேருந்தேறி, 500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மணாலியைச் சென்று சேர்கின்றனர். சோலாங் பள்ளத்தாக்கிற்குச் செல்லும் வழியோரக் கடைகளில் பனியுடையும் ரப்பர் பூட்சும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். வண்டியை நிறுத்திக் கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு புறப்படுவோரே மிகுதி. அடிப்பாகம் தேய்ந்துளதா, உள்ளே ஈரம் உளதா, அளவு பொருந்துகின்றதா என்று ஆராய்வோர் சிலரே. மாலையில் திருப்பிக் கொடுக்கப்போகும் பொருள்தானே என்னும் எண்ணமே இதற்குக் காரணம். காலணி பிறருடையதாகலாம், அதனுள் இருக்கும் கால் நம்முடையதன்றோ?

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் பனிமிதியடி என்னும் கருவியை வாடகைக்குப் பெற்று, வழிகாட்டியின்றித் தாமே நடந்து வருவோர் பலர். பாதத்தினும் அகன்ற சட்டமொன்றைக் காலணியின் கீழ்ப் பூட்டினால் உடலின் எடை பரந்து விழும்; கால் பனியில் ஆழப் புதையாது. அங்கே பாதைக்கு அடையாளக் கம்பங்கள் உண்டு. பனிச்சரிவின் அபாயத்தை 5 படிகளாக வகுத்து அறிவிக்கும் ஏற்பாடும் உண்டு. நம் இமயத்திலும் இக்கருவியை அளிப்போர் சிலர் உளர். 2020இல் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின், முன்பு மாதக்கணக்கில் பனியால் துண்டிக்கப்பட்டிருந்த லாஹூல் பள்ளத்தாக்கிற்கும் குளிர்காலத்தில் மக்கள் செல்கின்றனர்.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. இடுப்பளவு பனியில் கால் புதையும்போது, "மேலே செல்லாதே" என்று இயற்கையே நம்மைத் தடுக்கின்றது. கருவி அத்தடையை நீக்கிவிடுகின்றது. தடைக்குக் காரணமான அபாயத்தை நீக்குவதில்லை. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேதான் பனிச்சரிவு மிகுதியாக நிகழும். கால் புதையாது என்பது மெய். மலை சரியாது என்பதற்கு அது சான்றாகுமோ? கருவி வாடகைக்குக் கிடைக்கும்; அதனைக் கொண்டு எங்கே செல்லலாகாது என்னும் அறிவு வாடகைக்குக் கிடைப்பதன்று.

"உயிர் என்னுடையது, பணம் என்னுடையது, தனியே செல்லும் என்னைத் தடுப்பவர் யார்?" என்று சிலர் வினவுவர். வயது வந்தோர் தம் வழியைத் தாமே தேர்வது தகும்; அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் தனியே செல்வோன் உண்மையில் தனியன் அல்லன். அவன் மிதித்து உடைத்த பனி, கீழே நடப்போர் மேலும் விழும். அவன் புதையுண்டால் முதற் கால்மணி நேரத்திற்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு பெரிது. உடன் எவரும் இலரேல் அவ்வேளைக்குள் யார் வருவர்? பின்னர்த் தேடி வருவோரும் அதே சரிவில் தம் உயிரைப் பணயம் வைத்தே வருவர். அவர்க்கும் மனைவி மக்கள் உண்டு.

கடைக்காரரின் கடமையும் வாடகைப் பணத்தோடு முடிவதன்று. "இன்று மேலே போகவேண்டா" என்று சொன்னால் ஒரு நாள் வருவாய் குறையும். சில திங்களே நடக்கும் தொழிலில் அவ்விழப்பு சிறிதன்று. ஆதலின், அங்ஙனம் சொல்வோரை வணிகம் அறியாதவர் என்று இகழாது, நன்றியோடு கேட்பதே வாடிக்கையாளர்க்கு அழகு. உண்மை சொன்னவர் நட்டமடையாதபடி காப்பதும் வாங்குவோர் கையிலுள்ளது.

ஆகவே, பனிவெளிக்குச் செல்வோர் காலணியைச் சோதித்து வாங்குக. அன்றைய வானிலையையும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் அறிக. செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிச் செல்க. ஐயம் தோன்றிய இடத்தில் நாணமின்றித் திரும்புக. மாலையில் காலணியைத் துடைத்து, பழுதிருப்பின் மறையாது சொல்லித் திருப்பிக் கொடுக்க. நாளை அதனுள் புகப்போவது நாம் அறியாத ஒருவரின் கால்.