வடநாட்டு யாத்திரைக்கு எந்த ஜெர்கின்?

உப்பிலியபுரத்துக்குக் கிழக்கே பச்சைமலை, மேற்கே கொல்லிமலை. நடுவில் வயலும் தோப்புமாகக் கிடக்கும் இந்த ஊர்களுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியற்காலைப் பனிதான். சோபனபுரம் வழியாக டாப்செங்காட்டுப்பட்டிக்கு வண்டியில் ஏறுகிறவர்களும், புளியஞ்சோலையிலிருந்து ஆகாயகங்கைக்கு நடந்து ஏறுகிறவர்களும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான குளிரைப் பார்த்திருப்பார்கள். அதற்கு ஒரு ஸ்வெட்டரும் மப்ளரும் போதும்.

இமயத்துக்குக் கிளம்பும்போதுதான் கணக்கு மாறுகிறது. திருவரங்கத்தில் தொடங்கும் 108 திவ்யதேசங்களில் திருவதரி என்னும் பத்ரிநாத், திருப்பிரிதி என்னும் ஜோஷிமட், சாளக்கிராமம் என்னும் முக்திநாத் ஆகியவை இமயமலையில் இருக்கின்றன. சைவர்களுக்குக் கேதார்நாத். திருச்சிப் பக்கத்திலிருந்து குழுக் குழுவாக இந்தத் தலங்களுக்குப் போகிறார்கள், பெரும்பாலானோர் வயதானவர்கள். மாத்திரை, ஊறுகாய், பொடி என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறவர்கள், குளிருக்கான உடுப்பை மட்டும் கடைசி நாளில், கண்ணில் பட்ட முதல் கடையில், தடிமனைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். தடிமன் பாதி விஷயம்தான். மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டால் அதே காசுக்கு நல்ல ஜெர்கின் கிடைக்கும்.

முதலில் குளிரின் அளவு. மலை ஏற ஏற, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. திருச்சி கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கேதார்நாத் 3,583 மீட்டர். முக்திநாத் சுமார் 3,700 மீட்டர். உயரம் ஒன்றினால் மட்டுமே 23 டிகிரி போய்விடும். வடக்கே தள்ளி இருப்பதும் இரவும் காற்றும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். கேதார்நாத் கோயில் நடை திறக்கும் சித்திரை, வைகாசியிலும், அடைக்கப்போகும் ஐப்பசியிலும் அங்கே இரவில் தண்ணீர் உறைவது சாதாரணம்.

அடுத்து, ஜெர்கின் என்ன செய்கிறது? அது சூட்டை உண்டாக்குவதில்லை. சூட்டை உண்டாக்குவது நம் உடம்பு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. மலை ஏறும்போது அது 400, 500 வாட் வரை போகும். அந்த வெப்பம் ஓடிவிடாமல் பிடித்து வைப்பதே உடுப்பின் வேலை. பிடித்து வைப்பது துணியோ பஞ்சோ என்றுகூடச் சொல்ல முடியாது. அவற்றின் இடுக்குகளில் அசையாமல் நிற்கும் காற்றுதான் பிடித்து வைக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீர் அதைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். ஆகவே நல்ல குளிர் உடுப்பு என்பது காற்றை நிறுத்தி வைத்துக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாத உடுப்பு. இனி வரும் எல்லாத் தேர்வுகளும் இந்த ஒரு விதியிலிருந்து பிறப்பவை.

நம் வீட்டு இலவம்பஞ்சுத் தலையணை இதற்கு நல்ல சாட்சி. இலவம்பஞ்சு இழையின் உள்ளே வெற்றுக் குழல். அதில் காற்று நிறைந்திருக்கிறது. அதனால்தான் அந்தத் தலையணை அவ்வளவு லேசாகவும் கதகதப்பாகவும் இருக்கிறது. இன்று கடையில் ரெக்ரான் தலையணை என்று வாங்கும்போது உள்ளே இருப்பது பாலியஸ்டர் இழை. அதிலும் பல வகைகளில் இழையை நடுவே குழலாகவும், சுருள் சுருளாகவும் செய்கிறார்கள். குளிர் ஜெர்கினுக்குள் இருக்கும் செயற்கைப் பஞ்சு இதே இனத்தின் இன்னும் மெல்லிய, இன்னும் நுணுக்கமான வடிவம்.

இந்தப் பஞ்சு வருவதற்கு முன் உச்சிக் குளிருக்கென்று இருந்தது தூவி: வாத்து இனப் பறவைகளின் மார்பில், மேல் இறகுக்கு அடியில் இருக்கும் மென்மையான பூ. 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபின்ச், பலூன் துணிக்குள் தூவியை அடைத்துத் தைத்த கோட்டை அணிந்திருந்தார். எடைக்கு எடை பார்த்தால் இன்றும் தூவிதான் அதிகம் காக்கும்; மடக்கினால் சிறு பொட்டலமாகும்; நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல ஆண்டுகள் உழைக்கும். அதற்கு ஒரே பெரிய பகை ஈரம். நனைந்தால் தூவி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இடுக்குகள் மூடி, காற்று வெளியேறிவிடும். காய வெகுநேரம் பிடிக்கும். 1980-களில் அமெரிக்க ராணுவத்துக்காக, நனைந்தாலும் படுத்துவிடாத மாற்று ஒன்றைத் தேடி ஆல்பனி இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் உருவாக்கியதே பிரைமாலாஃப்ட் என்னும் நுண்ணிழைப் பஞ்சு. அதன் பிறகு பல நிறுவனங்கள் பல பெயர்களில் இப்படிப்பட்ட பஞ்சைச் செய்கின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படை பாலியஸ்டர். அந்த இழை தன் எடையில் 0.4 சதவீத ஈரத்தைத்தான் ஏற்கும். பருத்தி சுமார் 8 சதவீதம் ஏற்கும். ஈரம் இழைக்குள் போகாததால் இழை விறைப்பு குறையாமல் நிற்கிறது. இடுக்கிலும் ஓரளவு காற்று தங்குகிறது. நனைந்த செயற்கைப் பஞ்சும் பலம் குறையத்தான் செய்யும். ஆனால் முழுதாகக் கைவிடாது, சீக்கிரம் உலர்ந்துவிடும்.

நம் யாத்திரிகருக்கு இது ஏன் முக்கியம்? அவர் நனையும் இடங்களை எண்ணிப் பாருங்கள். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்குச் சுமார் 16 கிலோமீட்டர் நடை. ஏறும்போது உள்ளேயிருந்து வேர்வை, நடுவழியில் மேலேயிருந்து தூறல். முக்திநாத்தில் 108 தாரைகளிலும் தலையைக் காட்டி நீராடி, ஈர உடம்போடு சட்டையை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். தங்கும் அறையில் துவைத்ததைக் காயப்போட வெயில் இருக்காது. உச்சி முகட்டில் ஏறும் மலையேற்றக்காரருக்கு வறண்ட கடுங்குளிர். நமக்கு ஈரம் கலந்த குளிர். ஆகவே நம்மவருக்குச் செயற்கைப் பஞ்சு ஜெர்கினே பொருத்தம் என்று தயங்காமல் சொல்வேன். விலையும் தூவியைவிடக் குறைவு.

இனிக் கடையில் பார்க்க வேண்டியவை. முதலாவது பஞ்சின் எடை. திருப்பூர்த் துணி வாங்கியவர்களுக்கு ஜி.எஸ்.எம். புதிதல்ல: ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. ஜெர்கினில் அந்த எண் உள்ளே இருக்கும் பஞ்சைக் குறிக்கும். 40, 60 என்றால் நடந்துகொண்டே அணிய. 80 முதல் 100 வரை என்றால் நடப்பதற்கும் நிற்பதற்கும் பொதுவாக. 130-க்கு மேல் என்றால் உறைபனியில் நெடுநேரம் அசையாமல் இருப்பதற்கு. பத்ரி, கேதாரம், முக்திநாத் மூன்றுக்கும் உடம்புப் பகுதியில் 100, கையில் 60 என்ற அளவு ஏற்றது. கையில் குறைவாக இருப்பது குறை ஆகாது; கை தாராளமாக அசைய அதுவே வசதி. எண் எதுவும் எழுதாமல் சும்மா உப்பலாக இருக்கும் ஜெர்கினை நம்பி வாங்க வேண்டாம்.

இரண்டாவது பஞ்சின் இழை. நீள இழைப் பஞ்சு கொஞ்சம் விறைப்பாக இருக்கும், உருண்டு கட்டி பிடிக்காது, அதிகம் உழைக்கும். குட்டை இழைப் பஞ்சு தூவியைப் போல மெத்தென்று இருக்கும், சுருட்டினால் அடங்கும், ஆனால் விரைவில் தளரும். ஆண்டுக்கு ஒருமுறை அணிகிறவருக்கு இரண்டும் சரி. வீட்டில் நாலு பேர் மாற்றி மாற்றி எடுத்துப் போவார்கள் என்றால் நீள இழையே நல்லது.

மூன்றாவது மேல்துணி. நெருக்கமாக நெய்த நைலானோ பாலியஸ்டரோ காற்றைத் தடுக்கும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் காற்று தாராளமாக வந்தால், முக்திநாத் போகும் வழியிலுள்ள ஜோம்சோம் பள்ளத்தாக்கின் பிற்பகல் காற்றுக்கு அது தாங்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓட வேண்டும். தையல் வரி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு ஊசித் துளையும் காற்றுக்கு ஒரு வாசல், தையல் ஓடும் இடத்தில் பஞ்சும் நசுங்கிப்போகிறது. தூவி ஓரிடத்தில் சேர்ந்துவிடாதிருக்கக் கட்டம் கட்டமாகத் தைத்தே ஆக வேண்டும். பஞ்சோ விரிப்பாக வருவதால் அத்தனை தையல் தேவையில்லை.

நான்காவது அளவு. உள்ளே போடப்போகும் தெர்மல் உள்ளுடுப்பையும் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு ஜெர்கினை மாட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பஞ்சு நசுங்கி, காற்றுக்கு இடம் இல்லாமல் போகும். தொளதொளவென்று இருந்தால் அசையும்போதெல்லாம் சூடு வெளியேறும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுங்கள். இடுப்பு வெளியே தெரியக் கூடாது. குல்லா இருக்க வேண்டும், கழுத்து வரை ஜிப் ஏற வேண்டும், கையுறை போட்ட விரலுக்கு அந்த ஜிப் பிடிபட வேண்டும்.

வாங்கியதைப் பயன்படுத்துவதிலும் முறை உண்டு. உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டாம். அது வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். தெர்மல், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் ஜெர்கின், மழை வந்தால் எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு. ஏறும்போது ஜெர்கினைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். நின்றவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். நிற்கும் கணத்தில் 500 வாட் 100 வாட்டாக இறங்குகிறது, வேர்வையோ உடம்பிலேயே இருக்கிறது. பலர் நடுங்கத் தொடங்குவது அப்போதுதான். கற்பூர ஆரத்தியிடமும் குளிர்காயும் நெருப்பிடமும் எச்சரிக்கை தேவை: ஒரு பொறி பட்டாலும் நைலான் உருகி ஓட்டையாகும்.

ஊர் திரும்பியதும் ஜெர்கினைச் சுருட்டி அமுக்கிப் பரணில் போடக் கூடாது. நெடுநாள் அமுங்கிக் கிடந்தால் செயற்கைப் பஞ்சு மறுபடி பழையபடி உப்பாது; தூவியோடு ஒப்பிட்டால் அதன் பெரிய பலவீனம் இது. இதமான சோப்பில், துணிக்கான நறுமண மென்மையூட்டி சேர்க்காமல் அலசி, நிழலில் உலர்த்தி, அலமாரியில் தொங்கவிடுங்கள். இஸ்திரி போட வேண்டாம்.

ஒரே ஒருமுறை போகிறவர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. காத்மாண்டு வழியாகப் போனால் தமேல் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். பக்கத்து வீட்டில் போய்வந்தவரிடம் கேட்டாலும் கிடைக்கும். இரவல் வாங்கினாலும் இதே சோதனைகளைச் செய்யுங்கள்.

வயது ஏற ஏற உடம்பு உண்டாக்கும் சூடு குறைகிறது. குளிர்வதை உணர்வதும் மந்தமாகிறது. எழுபது வயதில் பத்ரிக்குக் கிளம்பும் அம்மாவோ அப்பாவோ ‘எனக்குக் குளிரலை’ என்று சொல்லலாம். அந்தச் சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். அவர்களையே கடைக்கு அழைத்துப்போய், தெர்மலோடு மாட்டி, கை தூக்கச் சொல்லி, தண்ணீர் விட்டுப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். கூடப் போகிறவரிடம், நடை நின்றதும் மாட்டிவிடச் சொல்லி அனுப்புங்கள். வாழ்நாள் முழுதும் காத்திருந்த தரிசனத்தை நடுக்கத்தில் அவர்கள் இழக்க வேண்டியதில்லை.