யாரும் கேளாத கணக்கு



ஆண்டுதோறும் தை மாதத்தில் நம் நாட்டின் குளக்கரைகளிலும் களப்புக் கரைகளிலும் ஒரு சிலர் நின்று நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். மன்னார்த் தீவுக்குச் செல்லும் தாம்போதியின் அருகே விரிந்து கிடக்கும் வங்காலைச் சதுப்பு வெளியிலும் இது நடைபெறுகிறது. அவர்களுக்குச் சம்பளம் இல்லை. வெயில் ஏறுவதற்கு முன்னர் வந்து, காலிற் சேறு ஒட்ட நின்று, இத்தனை பூநாரை, இத்தனை ஊசிவால் வாத்து, இத்தனை உள்ளான் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போகிறார்கள். கண்டவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "இதனால் யாருக்கு என்ன பயன்?"

இக்கேள்வியை ஏளனமாக ஒதுக்கிவிடலாகாது. கடலுக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பும் வீட்டில், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு அடகு வைக்க நகை தேடும் வீட்டில், கொக்கை எண்ணுவது வேலையற்ற வேலையாகத் தோன்றுவது இயல்பே. மனிதருக்குச் செய்யவேண்டிய கடமை மலைபோற் குவிந்திருக்கையில், பறவைக்காகப் பொழுதைக் கொடுப்பது முறையா? இதுவே நாம் இன்று ஆராய வேண்டிய பொருள்.

முதலில் அவர்கள் செய்வது இன்னதென்று அறிந்துகொள்வோம். உலகளாவிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967ஆம் ஆண்டில் ஆரம்பமானது. ஆசியாவில் அது 1987இல் முறையாகத் தொடங்கிற்று. இலங்கையில் இப்பணியை 1943இல் அமைந்த இலங்கைப் பறவைகள் கழகம் முன்னின்று நடத்தி வந்திருக்கிறது. பறவை ஓரிடத்தில் நில்லாது. இன்று இங்கே எண்ணியதையே நாளை வேறொருவர் அடுத்த குளத்தில் எண்ணிவிடக்கூடும். ஆகவே பல நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எண்ணுகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு அதே இடத்தில், அதே பருவத்தில், அதே முறையில் எண்ணினாற்றான் ஒப்பிட முடியும். பெருங்கூட்டமாயின் பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அவ்வளவைக் கூட்டத்தின்மேல் வைத்து வைத்துக் கணிக்கிறார்கள். இடம், திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று, மழை யாவும் குறிக்கப்படும்.

இந்த எண்ணிக்கைக்கு ஒரு கனம் உண்டு. 1971ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி ஈரான் நாட்டின் ரம்சார் நகரில் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இலங்கை அதில் 1990இல் இணைந்தது. ஓர் ஈரநிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்தது என்று கொள்வதற்கு அவ்வொப்பந்தம் வகுத்துள்ள அளவைகளுள் இரண்டு வெறும் எண்களே. வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளுக்கு அங்கே இடம் கிடைக்க வேண்டும். அல்லது ஓர் இனத்தின் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கேனும் அங்கே தங்க வேண்டும். எவரும் போய் எண்ணாவிடில் இவ்வளவைகளை எவ்விடத்திற்கும் பொருத்திப் பார்க்க இயலாது. வங்காலைச் சரணாலயம் 2010இல் ரம்சார் பட்டியலிற் சேர்ந்தது. அத்தகைய பட்டியலுக்குப் பின்னால் கூலி வாங்காது எண்ணிய பல கைகள் இருக்கின்றன.

"பயன் என்ன" என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்றுண்டு. கண்டற்காட்டின் வேர்களிடையே இறால்குஞ்சும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. அவை பெருத்துக் கடலுக்குப் போனாற்றான் வலையில் ஏதும் விழும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை குளத்திலும் தரவையிலும் தங்கிச் சுண்ணக்கல்லினூடாக இறங்கித்தான் நம் கிணறுகளுக்கு நன்னீர் ஊறுகிறது. குளத்தை மேடாக்கி வீடு கட்டினால் மாரியில் வெள்ளமும் கோடையில் உவருமே மிஞ்சும். பறவைகள் இச்செல்வங்கள் நலமாக உள்ளனவா என்று காட்டும் அடையாளங்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து உவர்நீரைச் சலித்து நுண்ணுயிர்களையும் கூனிகளையும் உண்ணுகிறது; அது வராத ஆண்டில் நீரில் ஏதோ மாறியிருக்கக்கூடும் என்று ஐயுற இடமுண்டு.

இவ்விடை உண்மையே, எனினும் முழுமையானதன்று. பயனை மட்டும் காரணமாகக் கொண்டால், அதனிலும் பெரிய பயனைக் காட்டும் ஒருவன் வந்தவுடன் நம் வாதம் விழுந்துவிடும். "இந்தச் சதுப்பு தரும் மீனைக் காட்டிலும் நான் அமைக்கும் இறால் பண்ணை அதிகம் தரும்" என்பான் அவன். கணக்கு அவன் பக்கம் சாய்ந்தால் பறவைக்குப் பேச வாயில்லை. அன்றியும் பயனில்லாத உயிர் என்னாவது? சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான மைல் பறந்து நம் சேற்றில் இரை தேட வரும் வளைந்த அலகுடைய சிறு உள்ளான் ஐம்பது அறுபது கிராம் நிறைதான் இருக்கும். அது வாராதொழிந்தால் நம் சந்தையில் எந்த விலையும் ஏறப்போவதில்லை. அதற்கு நாம் கடப்பாடு உடையோமா?

புனித தோமஸ் அக்குவினாஸ், விலங்குக்குக் கொடுமை செய்பவன் மனிதருக்கும் கொடுமை செய்யப் பழகிவிடுவான் என்ற காரணத்தால் அது தீது என்றார். பின்னர் வந்த ஜேர்மன் தத்துவஞானி கான்ட் என்பவரும் ஏறக்குறைய இக்கருத்தையே கொண்டார். இவர்கள் கூற்றின்படி நம் கடமை நேரே பறவைக்கன்று, நம் மனிதத்தன்மைக்கே. போதாது என்று இதனைக் குறை கூறுவோர் உளர். ஆயினும் இக்கூற்றைத் திருப்பிப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். கொடுமை மனிதனைக் கெடுக்கிறதென்றால், கைம்மாறு கருதாக் கவனிப்பு அவனைத் திருத்தவும் வேண்டும். நன்றி சொல்லத் தெரியாத ஒன்றை ஒரு காலை முழுதும் பொறுமையாக நோக்கியவன், அயலவனையும் சற்றுப் பொறுமையாக நோக்கக் கற்றிருப்பான்.

இனி நாம் இப்பொருளின் நடுவுக்கு வருகிறோம். கணக்கெடுப்போர் கொப்பியில் இரண்டு குறிகள் உண்டு. ஒன்று பூச்சியம், மற்றது வெற்றிடம். பூச்சியம் என்றால், ஒருவர் போனார், பார்த்தார், பறவை இருக்கவில்லை. வெற்றிடம் என்றால், எவரும் போகவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். உண்மையில் இவற்றுக்கிடையே பெரும் பள்ளம் உண்டு. வெற்றிடத்தைப் பூச்சியமாக வாசிப்பது ஒரு வகைப் பொய்.

இப்பொய்யால் விளையும் கேடு சிறிதன்று. நிலத்தை எடுக்க வருபவர், "இங்கே எதுவும் இருந்ததாகப் பதிவில்லை, வெறுந் தரிசு" என்பார். 1983 முதல் 2009 வரை போர் நடந்த காலத்தில் வடபகுதியின் பல நீர்நிலைகளில் எண்ணுவதற்கு ஆளில்லை. அந்த ஆண்டுகளின் பக்கங்கள் வெற்றிடம். அக்காலத்திலும் வாடைக்காற்றோடு பறவைகள் வந்திருக்கும், போயிருக்கும். எத்தனை என்று இனி ஒருவராலும் கூற இயலாது. எழுதப்படாததனால் இல்லாததாகக் கருதப்படுவது என்ன வேதனை என்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பதிவேட்டில் பெயரில்லாத பிள்ளைக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்த தாய்மாரை நம் ஒவ்வொரு பங்கும் அறியும். மனித உயிரும் பறவையும் சமம் என்று நான் கூற வரவில்லை. பார்த்ததைப் பார்த்தேன் என்று எழுதி வைப்பதன் அருமையை நம்மைவிட அறிந்தவர் இல்லை என்றே கூறுகிறேன்.

எழுதுவோருக்கும் சோதனை உண்டு. அரிய பறவை ஒன்றைக் கண்டதாக எழுதினால் பெயர் கிடைக்கும். தொண்ணூறு கண்டதை நூறாக்கினால் பட்டியல் அழகாகும். தூரத்தில் நின்ற வாத்து எதுவென்று தெரியாவிட்டாலும், போன ஆண்டு எழுதிய பெயரையே எழுதிவிடலாம். எவரும் பரிசோதிக்கப் போவதில்லை. அந்நேரத்தில் "வாத்து, இனம் தெரியவில்லை" என்று எழுதுவதற்கு நேர்மை வேண்டும். மூன்று மணி நேரம் நின்றும் ஒன்றும் காணாதவன் "பூச்சியம்" என்று எழுதி நேரத்தையும் குறித்துக் கையொப்பமிடுவது சின்னக் காரியமன்று. பின்னாளில் பறவை குறைந்ததா கூடியதா என்று அறிய அந்தப் பூச்சியமும் வேண்டும்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறு வயதிற் கண்டதையே இயற்கையின் நிறைவு என்று எண்ணிக்கொள்கிறது. பேரன் இருபது கூழைக்கடாவைக் கண்டு வியக்கிறான். பாட்டன் எத்தனை கண்டார் என்பது அவனுக்குத் தெரியாது. இழப்பு இவ்விதம் இழப்பாகத் தெரியாமலே போகிறது. கப்டன் லெக் என்ற பீரங்கிப்படை அதிகாரி இந்நாட்டிற் கடமையாற்றிய காலத்தில் பறவைகளைக் கவனித்து எழுதிய பெருநூல் 1878 முதல் 1880 வரை பகுதிகளாக வெளிவந்தது. அது அவர் உத்தியோகக் கடமையன்று. ஆனாலும் அக்கால இலங்கையில் என்னென்ன பறவை எங்கெங்கே இருந்தன என்று அறிய இன்றும் அந்நூலையே புரட்டுகிறார்கள். நம்மவரிடமும் இப்பார்வை இல்லாதிருந்ததில்லை. நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவர் அதன் அலகைப் பனங்கிழங்கோடு ஒப்பிட்டார். அது தெற்கே வந்து மீண்டும் வடக்கே போவதையும் அறிந்திருந்தார். நின்று பார்க்காதவருக்கு அவ்வுவமை வாய்த்திராது.

ஏழையின் கேள்விக்கு இன்னும் விடை கூறவில்லை. பறவையைக் காப்பதாகச் சொல்லித் தலைநகரில் ஒரு கோடு கீறப்படும். வர்த்தமானியில் அறிவித்தல் வரும். தலைமுறையாக வலை வீசியவன் ஒரு காலையில் அத்துமீறியவன் ஆகிவிடுவான். அவன் பறவையை வெறுத்தால் குற்றம் அவனுடையது மட்டுமா? ரம்சார் ஒப்பந்தமே ஈரநிலங்களின் விவேகமான பயன்பாட்டை ஏற்றுக்கொள்கிறது. மனிதரை அகற்றிவிட வேண்டும் என்று அது கூறவில்லை. ஆனால் எது விவேகம் என்று தீர்மானிக்கும் மேசையில் கொப்பி வைத்திருப்பவன் பேச்சே எடுபடும். எந்த மாதம் எந்தக் கழிமுகத்தில் கூனி படுகிறது, எப்போது எந்தப் பறவை வந்திறங்குகிறது என்பதைக் கரைவலை இழுப்பவனைவிட அறிந்தவர் யார்? அவன் அறிவு எழுத்தில் இல்லை. அதனால் அது வெற்றிடமாகவே வாசிக்கப்படுகிறது. எண்ணும் வேலை வெளியூராரின் பொழுதுபோக்காக இருக்கும்வரை, ஏழைக்கு அதனால் அநீதி நேரக்கூடும். ஊரார் கைக்கு அது வந்துவிட்டால், பறவைக்கும் வலைக்கும் ஒருங்கே சாட்சி சொல்லும் ஆவணமாகிவிடும். ஆகவே மனிதருக்கான கடமையா பறவைக்கான கடமையா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. இரண்டுக்கும் உண்மையை எழுதி வைப்பதே முதற் படி.

பெற்றோரே, ஆசிரியர்களே, இதற்குப் பெரிய செலவு இல்லை. உங்கள் வீட்டுக்கு அண்மையில் ஒரு குளமோ, தரவையோ, களப்போ இருக்கும். பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். மாதம் ஒரு முறை, அதே இடத்தில், அதே நேரத்தில், அரை மணி நேரம் நின்று கண்டதை எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிடில் நிறம், அலகு, கால் இவற்றை எழுதட்டும். ஊர்ப் பெரியவரிடம் அவர் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதட்டும். ஒன்றும் காணாத நாளில் பூச்சியம் போடட்டும். கூட்டி எழுதினால் மெல்லத் திருத்துங்கள். பெப்ரவரி 2ஆம் திகதி உலக ஈரநில தினம். அன்று ஊரவர் கூடி அக்கொப்பிகளை வாசிக்கலாம். கடற்றொழிலாளரையும் அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

பத்து ஆண்டு கழித்து அக்குளத்தை மூட ஒருவர் வரலாம், வராமலும் போகலாம். வந்தால், அங்கே என்ன இருந்தது என்று அவர் கேட்பார். அந்நாளில் எடுத்துக் காட்ட உங்கள் வீட்டில் ஒரு கொப்பி இருக்குமா?