ஒரு சாண் மண்

அட்டன் பக்கத்து மலைகளில் டைனோசர் எலும்பு தேடுவது வீண். எலும்பு என்ன, பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும் சங்கு, மீன், இலை எதன் உயிர்ச்சுவடும் இந்தப் பாறையில் கிடைக்காது. (புத்தளம் பக்கம் தப்போவையில் ஜுராசிக் காலத்து இலைகள் உண்டு, நமக்கு அது தூரம்.) இலங்கை, கொண்டுவானா பெருங்கண்டத்துக்குள் இந்தியாவோடும் மடகஸ்காரோடும் அண்டார்டிக்காவோடும் ஒட்டிக் கிடந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை இது. அப்போது உலகத்தின் எந்தத் தரையிலும் ஒரு செடிகூட இல்லை. தாவரம் கரையேறியது அதற்குப் பிறகு, ஏறக்குறைய 47 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

கரையேறிய பிறகு அது செய்த வேலையைப் பார்க்க, ரோட்டுக்காக வெட்டிய ஒரு மண்மேடு போதும். அடியில் உளுத்த பாறை. நகத்தால் கீறினால் உதிரும். அதன்மேல் செம்மண். உச்சியில் கையகலத்துக்குக் கறுத்த மண். அந்தக் கறுப்பு பாசியும் பூஞ்சையும் மக்கிய இலையும் மண்புழுவும் விட்டுப்போனது. மழை அரித்து, வேர் பிளந்து, அழுகிய இலையின் அமிலம் கசிந்து, ஒரு சென்டிமீட்டர் சேர நூறு வருஷத்துக்கு மேலும் ஆகும். அவ்வளவு காலம் பொறுக்கும் கம்பெனி இதுவரை பதிவாகவில்லை.

அந்த மண்ணின்மேல் நின்ற காட்டைக் கோப்பித் துரைமார் சில பத்தாண்டுகளில் கொளுத்தினார்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் வைத்திருந்த தேயிலை, கோப்பி விட்டுப்போன மலைகளைப் பிடித்துக்கொண்டது. 5,000 அடிக்கு மேலுள்ள காட்டையாவது தொடாதீர்கள் என்று 1873இல் கியூ தாவரவியல் தோட்டத்து ஜோசப் ஹூக்கர் ஆலோசனை சொன்னார். முழுதாகக் கேட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. நுவரெலியாவே 6,000 அடிக்கு மேல்தான் இருக்கிறது. ஆனாலும் ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாத மலைக் காடும் தப்பின. 2010இல் உலக மரபுரிமையாகவும் ஆயின.

கீழே இருந்த மண்ணுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. தேயிலைக்கடியில் ஒரு புல் நிற்கக்கூடாது என்பது துரையின் சட்டம். சுரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். மிச்சம் வைத்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலி. சரிவில் மழையைத் தாங்கியது அந்தப் புல். அதை நாட்கூலி கொடுத்து, சுத்தம் என்ற பேரில் அகற்றினார்கள். பழைய விதைத் தேயிலை மலையில் குனிந்து தூரைப் பாருங்கள். பக்கவேர்கள் வெளியே நிற்கும், சில இடத்தில் ஒரு சாண்வரைக்கும். செடி உயரவில்லை, மண் இறங்கியிருக்கிறது. அடைமழையில் கானில் ஓடுவது பால் ஊற்றிய தேத்தண்ணி மாதிரி இருக்கும். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் போய்ப் படிவது அதுதான்.

1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொழுந்து குறைந்தால் பிடித்துக்கொள்ள அன்றும் தராசு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் மண் குறைந்ததை எழுத, பேர் பதியும் செக்ரோலில் இடமில்லை.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஒரு சரிவுக்கு மழை, பாறையின் சாய்வு, தண்ணீர் போகும் வழி என்று பல காரணங்கள் உண்டு. எல்லாப் பழியையும் சுரண்டியின் தலையில் போட முடியாது. அது அபாயமான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தோமே, ஏன் போகவில்லை என்று பிறகு அதிகாரிகள் கேட்டார்கள். எங்கே போவது? குடியிருந்த லயக்காம்பராவே தோட்டத்துடையது.

இப்போது தோட்டக் குடும்பத்துக்குக் காணி என்கிறார்கள். வீடு கட்டுமுன், அந்த இடம் சரியாது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சான்று தர வேண்டும். நியாயமான நிபந்தனைதான். புல் சுரண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தச் சான்றுக்காகக் காத்திருக்கிறார்கள்.