படமும் மனிதரும்

ஒருவரின் தண்டுவடத்தைக் கண்டவர், அவரையே கண்டவர் ஆவாரோ? எம்.ஆர்.ஐ. கருவி பெருகிய இந்நாளில் இவ்வினா நம் குப்பங்களுக்கும் வந்துவிட்டது.

ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் ஒரு விரற்பருமனும் உடையது தண்டுவடம். எலும்புக் கூட்டைத் திறவாமலே அக்கருவி அதனைக் காட்டுகிறது. வலிய காந்தத்தினுள் கிடத்தப்பட்ட உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள், வானொலி அலையால் தூண்டப்பெற்று மீளும்போது தரும் குறிப்பே படமாகிறது. வடிவைக் கண்ட அறிஞர், செயலையும் காண விழைந்தனர். கை அசைகையில் கழுத்துத் தண்டுவடத்தில் நிகழும் மாற்றத்தைப் படமாக்கிய ஆய்வொன்று 1996-இல் வெளிவந்தது. எனினும் மூளையைவிடத் தண்டுவடம் பிடிகொடாதது; மூச்சோடும் இதயத்துடிப்போடும் அது அசைந்துகொண்டேயிருக்கும். உயிரோடிருப்பதே படத்தைக் கலைக்கிறது!

1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதுகுவலி இல்லாத 98 பேரின் இடுப்புப் பகுதி படமெடுக்கப்பட்டது. டிஸ்க் எனும் தட்டுகள் அனைத்தும் பழுதின்றி இருந்தவர் 36 விழுக்காட்டினரே. பழுதிருந்தும் வலியற்றோர் உளர். படம் தெளிவாயிருந்தும் வலியால் துடிப்போரும் உளர். பழவேற்காட்டு ஏரியில் ஆண்டுக்கணக்காய் வலையிழுத்து முதுகு நொந்தவரை நோக்கி, "படத்தில் ஒன்றுமில்லையே, சோம்பலா?" என்று கேட்பது அநீதி.

தண்டுவடமே அறுபட்டவர் நிலை வேறு. "படம் பொய், நேர்ச்சை வைத்தால் நடப்பார்" என்று அக்குடும்பத்தாரிடம் சொல்வோர் நம்மிடையே உண்டு. இதில் எனக்கு இசைவில்லை. உண்மையை மறைப்பது விசுவாசமாகாது. ஆனால் அவ்வுண்மை தண்டுவடத்தைப் பற்றியது. ஆன்மா உடலின் ஓர் உறுப்பில் குடியிருப்பதன்று, உடல் முழுவதற்கும் அதுவே உயிர்வடிவம் என்று போதித்தார் புனித தாமஸ் அக்குவினாஸ். கால்கள் உணர்விழந்தால் ஆன்மாவில் ஒரு பகுதி குறைந்துவிடாது.

ஏரியில் முறைவைத்து மீன்பிடிக்கும் உரிமைக்குப் 'பாடு' என்று பெயர்; ஆண்டவர் பட்ட துன்பத்திற்கும் அச்சொல்லே வழங்குகிறோம். படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கு உரிய பங்கு எது என்பதை எந்தப் படமும் தீர்மானிக்க இயலாது. அது ஊராரின் மனச்சாட்சிக்கு உரியது.

வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தொன்றில் தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தண்டுவடம் சிதைந்தோர் சக்கர நாற்காலியில் ஏறவும் இறங்கவும் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளவும் அங்கே பயில்கின்றனர்.