நிறுத்தச் சொல்ல ஒருவர்

எந்த மருந்தும் காரணத்தோடுதான் தொடங்குகிறது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், தூக்கம் வந்திருக்காது, மூட்டு வலித்திருக்கும். அந்தக் காரணம் தீர்ந்த பிறகும் மாத்திரை மட்டும் தொடர்கிறதே, அதைப் போதும் என்று சொல்ல வேண்டியவர் யார்? முதியோர் பராமரிப்பு இல்லங்களை நினைக்கும்போது இந்தக் கேள்விதான் என்னை வதைக்கிறது.

2009-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, 55 இல்லங்களில் 256 பேரின் மருந்துகளைச் சரிபார்த்தது. ஆளுக்குச் சராசரியாக எட்டு மருந்துகள். எழுதியதில், எடுத்துக் கொடுத்ததில், புகட்டியதில், கண்காணித்ததில் என எங்கோ ஒரு பிழை, கிட்டத்தட்ட பத்தில் ஏழு பேருக்கு இருந்தது.

பிழை என்றே தெரியாமல் நுழைவதும் உண்டு. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் கால்களை வீங்க வைக்கும். அதைப் புது நோய் என்று எண்ணி, நீர் பிரிய இன்னொரு மாத்திரை சேரும். அது நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுப்பும். தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். சிறுநீரை அடக்க முடியவில்லையென்றால் அதற்கும் ஒரு மாத்திரை. அந்த வகை மருந்துகளில் சில நினைவைக் குழப்பும். பார்க்க வரும் பிள்ளைகள், “அம்மாவுக்கு வயசாயிடுச்சு” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். ஒவ்வொரு மருத்துவரும் தன் உறுப்பைச் சரியாகவே பார்த்திருப்பார். அம்மாவை முழுசாகப் பார்த்தவர்தான் இல்லை.

அமெரிக்காவில் 1974 முதல், மருத்துவச் செவிலியர் இல்லங்களில் மருந்தாளுநர் மாதம் ஒருமுறை ஒவ்வொருவரின் மருந்துகளையும் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. முதியவர்களை மருந்தால் அடக்கி வைக்கக் கூடாது என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கண்டிப்புக் காட்டியது. முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளை மார்க் பியர்ஸ் 1991-இல் பட்டியலிட்டதும் இந்த இல்லவாசிகளை மனதில் வைத்துத்தான்.

பிரிட்டனில் மருந்தெழுதும் அதிகாரத்தையே மருந்தாளுநருக்குத் தந்து பார்த்தார்கள். 2023-இல் வந்த முடிவின்படி, கீழே விழுவது குறிப்பிடும்படி குறையவில்லை. மயக்கமும் குழப்பமும் தரும் மருந்துகளின் சுமை குறைந்தது. இதைத் தோல்வி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. முதுமை என்று நாம் பெயர் வைத்துவிட்ட சோர்விலும் மறதியிலும் ஒரு பங்கு, நாமே தினமும் தண்ணீரோடு கொடுத்தது. அந்தப் பங்கை முதுமையிலிருந்து பிரித்தெடுப்பதுதான் மருந்தாளுநரின் வேலை.

சீட்டைப் பார்த்து மட்டும் அதைச் செய்ய முடியாது. யார் இரண்டு நாளாக உணவைத் தள்ளுகிறார், யார் பகலெல்லாம் தூங்கி வழிகிறார் என்பது மாத்திரை கொடுக்கும் பணிப்பெண்ணுக்குத்தான் தெரியும். மருந்தாளுநர் அவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். பல ஆண்டுகள் போட்ட தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. அளவைக் கொஞ்சம் குறைத்து, சில வாரம் பார்த்து, மறுபடி குறைக்க வேண்டும். அதற்கான நேரத்தையும் சம்பளத்தையும் இல்லங்கள் அவருக்கு ஒதுக்க வேண்டும்.