வேடிக்கை பார்ப்பதற்கு ஒரு காரணம்

"அங்கென்ன வேடிக்கை?" என்ற அதட்டலைக் கேட்காமல் வளர்ந்த பெண் நம்மில் யாராவது இருக்கிறாரா? சன்னலில் நின்றால், வாசற்படியில் உட்கார்ந்தால், தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால், அந்தக் கேள்வி வந்து உள்ளே இழுத்துவிடும். என் அண்ணன் அதே வாசற்படியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். அவனிடம் யாரும் காரணம் கேட்டதில்லை.

நாற்பத்து மூன்று வயதில் நான் மறுபடியும் வேடிக்கை பார்க்கத் தொடங்கினேன். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை தேவைப்பட்டது. ஐப்பசியில் எடுத்ததில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டிருந்தது. தினமும் முக்கால் மணி நேரம் கைவீசி நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. கோவையில் நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து சிங்காநல்லூர் குளம் நடக்கும் தூரம்தான். விடியும் முன்பே கரைக்குப் போய்விடுவேன்.

மார்கழியில் சிரமமே இல்லை. அந்த ஒரு மாதம் இருட்டோடு தெருவில் நிற்கப் பெண்களுக்கு ஊரே அனுமதி கொடுத்துவிடுகிறது. வாசலுக்கு வாசல் கோலம், சாணிப் பிள்ளையார், பூசணிப்பூ. காதுவரை துண்டைச் சுற்றிக்கொண்டு நான் நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தை பிறந்ததும் கோலம் சுருங்கும். மாசியில் அதே நேரம், அதே தெரு. வாசல்கள் மட்டும் வெறிச்சோடிக் கிடக்கும். எதிரே வரும் பால்காரர், "இந்நேரத்துக்கு எங்கீங்க?" என்பார்.

ஆனால் குளத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் மாசியில்தான் நடக்கிறது. முன்பனியில் சாம்பல் மூட்டமாக இருந்த கரை, பின்பனியில் நாளுக்கு நாள் கொஞ்சம் முன்னதாகத் தெளிகிறது. கல்யாண முருங்கை இலையையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கிறது. குளிர்காலத்துக்கு வந்து சேர்ந்தபோது பெயருக்குத்தான் மஞ்சளாக இருந்த மஞ்சள் வாலாட்டிகளின் வயிறு, எலுமிச்சம்பழம் போலத் துலங்கத் தொடங்குகிறது. வடக்கே திரும்பி இணைசேர்வதற்கான இறகு அது. ஐரோப்பாவிலிருந்தும் வட ஆசியாவிலிருந்தும் வரும் நீலச்சிறகி வாத்துகள் நேற்று இருந்த அளவு இன்று இருப்பதில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுகின்றன.

முதலில் நான் காலடிகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சேற்றில் வாலை ஆட்டிக்கொண்டு பூச்சி பொறுக்கும் வாலாட்டியைப் பார்த்து நின்றுவிட்டேன். நின்றால் பயிற்சி கெட்டுவிடும். நடந்தால் பறவை போய்விடும். நான் நின்றேன். அன்றுமுதல் நடைப்பயிற்சி என்பது பாதிப் பொய்யாகிவிட்டது.

மாசிக் கடைசியில் மறுபரிசோதனை. சர்க்கரை இறங்கியிருந்தது. என் கணவர் சந்தோஷமாகத்தான் சொன்னார்: "சரியாயிருச்சுல்ல, இனி மொட்டை மாடியிலயே நடந்துக்கலாமே." அதில் கொடுமை ஒன்றும் இல்லை. இருந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது. வாலாட்டியின் வயிறு மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது, அதை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நோய் ஒரு காரணம். ஆசை ஒரு காரணமா?

இந்தக் கூச்சம் எனக்கு மட்டும் உரியதில்லை. வர்ஜீனியா வுல்ஃப் லண்டன் தெருக்களில் அலைவதைப் பற்றி 1927இல் எழுதிய கட்டுரையில், வெளியே கிளம்பச் சொல்லப்படும் சாக்கு ஒரு பென்சில் வாங்குவது. ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' நூல் இதையே கேள்வியாக்கியது. பொது இடத்தில் இருக்கும் பெண் தனக்கு அங்கே ஒரு வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது; வேலையில்லாமல் சும்மா நிற்கும் உரிமையே அவளுக்கு வேண்டும் என்றார்கள் அவர்கள். பால் பாக்கெட், கோயில், பிள்ளையின் பள்ளி, சர்க்கரை எல்லாமே நம் பென்சில்கள்தான்.

பெண்கள் பார்ப்பதால் உலகத்துக்கும் லாபம் உண்டு என்று வாதாடலாம். பங்குனியில் குயில் கூவத் தொடங்கும்போது இதை நினைத்துக்கொள்வேன். பாடும் பெண்ணைக் குயில் என்கிறோம். நீட்டிக் கூவுவதோ ஆண் குயில். அதை வைத்துப் பறவைகளில் பாட்டே ஆணுக்குரியது என்று நினைத்துவிடக் கூடாது. அறிவியலும் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது. 2014இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, விவரம் கிடைத்த பாடும் பறவை இனங்களில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது என்றும், அவற்றின் பொது மூதாதையரிலேயே பெண் பாடியிருக்க வேண்டும் என்றும் காட்டியது. அதை எழுதிய ஐவரில் நால்வர் பெண்கள். யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து எது தெரிகிறது என்பதும் மாறுகிறது.

இதை எழுதும்போதே என் தவறும் புரிகிறது. நான் மறுபடியும் ஒரு பென்சில் தேடுகிறேன். நான் எந்த ஆய்வும் செய்யப்போவதில்லை. பயனிருந்தால்தான் ஒரு பெண் வெளியே நிற்கலாம் என்றால், பயனில்லாத நாளில் அவள் உள்ளே போக வேண்டியிருக்கும். என் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஆசையும் காரணம்தான் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு வருவதுதான் கடினமான கேள்வி. என் முக்கால் மணி நேரத்தை யார் கொடுத்தது? நான் குளக்கரையில் நிற்கும்போது, முழங்கால் தேய்ந்த அத்தைதான் அடுப்படியில் நின்று எல்லோருக்கும் காபி கலந்துகொண்டிருந்தார். ஐந்து மாதம் எனக்கு அது உறைக்கவே இல்லை. ஒரு பெண்ணின் சும்மா இருத்தல் இன்னொரு பெண்ணின் வேலையில் ஏறி நின்றால் அதை உரிமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காக நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டால் கணக்கு நேராகுமா? ஆகாது. இத்தனை வருடம் ஒரு நிமிடம்கூட கொடுக்காதவர் அந்த வீட்டில் வேறொருவர். கேட்க வேண்டியதை அவரிடம் கேட்காமல், அத்தையிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் என் பிழை.

கேட்டேன். "நடக்கறதுக்கு இல்லீங்க, வேடிக்கை பாக்கத்தான் போறேன். காலைக் காபி உங்களுது" என்றேன். கொஞ்சநேரம் பேசவில்லை. முதல் வாரம் டிகாக்‌ஷன் கழனித்தண்ணி மாதிரி இருந்தது. அத்தை அந்தக் காபியை எடுத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார். நான் திரும்பி வரும்போதும் அங்கேயே இருந்தார். என்ன அத்தை என்றதற்கு, "சும்மாதான் கண்ணு" என்றார்.

வீட்டுக்குள் முடிந்தது இவ்வளவு. நான் போகும் வழியில் இருட்டிலேயே சாலையைக் கூட்டிக்கொண்டிருக்கும் அக்கா ஒருவர் உண்டு. ஒரு விடியலில் வாலாட்டியைக் காட்டினேன். தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தினமும் பாக்கறதுதானுங்க. நின்னு பாத்தா வேலை முடியாது" என்று மறுபடி குனிந்துகொண்டார். அவருக்கு வேண்டிய அந்த முக்கால் மணி நேரத்தை ஒரு கணவரைக் காபி போட வைத்துக் கொடுத்துவிட முடியாது. அது கூலியிலும் வேலை நேரத்திலும் இருக்கிறது. வேடிக்கை பார்க்கும் உரிமை என்று நான் கேட்டால், அதில் அவருடைய நேரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பங்குனி பாதியில் வாலாட்டிகள் போய்விட்டன. புங்கமரங்கள் தளிர்விட்டிருக்கின்றன. பார்க்க இப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. நாளைக் காலையும் போவேன்.