அச்சத்தைத் தேடிச் செல்லும் பயணம்

அச்சம் துன்பம் தரும் உணர்வு. ஆயினும் மனிதன் அதனை விலை கொடுத்து வாங்குகிறான். பாழடைந்த கிணற்றினுள் எட்டிப் பார்க்கவும், இடிந்த மாளிகைக்குள் இருட்டிய பின் நுழையவும், பாட்டி சொன்ன பேய்க்கதையைப் போர்வைக்குள் முடங்கிக்கொண்டே மீண்டும் ஒருமுறை கேட்கவும் நமக்குள் ஓர் ஆசை உண்டு. இவ்வாசையை அப்படியே பழித்துவிடுவதற்கில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஒன்று உண்டு என்னும் உணர்வு சமயத்தின் வாயிலிலும் நிற்கிறது. ஆனால் அவ்வாசை ஒரு பயணத் திட்டமாக உருவெடுத்து, மாந்தர் துன்புற்று மாண்ட இடங்களையே வரிசைப்படுத்திச் செல்லும்போது ஓர் அறக்கேள்வி எழுகிறது. மரித்தோரின் துயரம் இருப்போரின் பொழுதுபோக்கு ஆகலாமா?

இக்கேள்வியைப் பொதுவாகப் பேசுவதைவிட, ஒரு நிலப்பகுதியை முன்வைத்துச் சிந்திப்பது நலம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் மலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்தது. விந்தை உயிரினங்களைப் பற்றிய கதைகளையும், ஆவிகள் உலவுவதாகச் சொல்லப்படும் கட்டடங்களையும் தேடிக் காரில் சுற்றுவோர் இங்குத் திரளாக வருகின்றனர். மாநிலச் சுற்றுலாத் துறையே அத்தகைய இடங்களை இணைத்துப் பயணத் தடம் ஒன்றை வகுத்துத் தந்துள்ளது. இரண்டு மூன்று நாள் விடுப்பு இருந்தால் முக்கியமான இடங்களைப் பார்த்துவிடலாம். அங்கே எதைக் காண்கிறோம், எதைக் காணாமல் திரும்புகிறோம் என்பதே நம் சிந்தனைக்கு உரியது.

ஒகாயோ ஆறும் கனாவா ஆறும் கூடுமிடத்தில் பாயிண்ட் பிளெசன்ட் என்னும் சிற்றூர் உள்ளது. 1966 நவம்பர் 15 இரவு, ஊருக்கு வெளியே பழைய வெடிமருந்துத் தொழிற்சாலைப் பக்கமாகக் காரில் சென்ற இரண்டு இளம் தம்பதியர், ஒளிரும் சிவந்த கண்களும் பெரிய சிறகுகளும் கொண்ட ஓர் உருவத்தைக் கண்டதாகக் கூறினர். மறுநாள் உள்ளூர்ச் செய்தித்தாள் அதனை வெளியிட்டது. 'மாத்மேன்', அதாவது விட்டில் மனிதன் என்று அதற்குப் பெயர் வந்தது. வழிதவறி வந்த பெருங்கொக்கு என்றனர் சிலர். ஆந்தை என்றனர் வேறு சிலர். பதின்மூன்று மாதங்கள் கழிந்தன. 1967 டிசம்பர் 15 மாலை, கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கிய வேளையில், ஊரையும் மறுகரையையும் இணைத்த சில்வர் பாலம் வாகனங்கள் நிரம்பியிருந்தபோதே இடிந்து ஆற்றுக்குள் விழுந்தது. 46 பேர் இறந்தனர். அவர்களுள் இருவரின் உடல்கள் கிடைக்கவே இல்லை.

அதன்பின் இவ்விரு நிகழ்ச்சிகளையும் மக்கள் மனம் முடிச்சிட்டது. சிறகுள்ள உருவம் அழிவை முன்னறிவிக்க வந்தது என்றும், அதுவே அழிவைக் கொணர்ந்தது என்றும் கதைகள் கிளைத்தன. 1975-இல் ஒரு நூலும் 2002-இல் ஒரு திரைப்படமும் வெளிவந்தன. அதே 2002 முதல் விட்டில் மனிதன் பெயரால் ஆண்டுதோறும் விழா நடைபெறுகிறது. 2003-இல் ஊரின் நடுவே எஃகுச் சிலையும் எழுந்தது. வருவோர் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். 46 பேரை நினைவுகூரும் சின்னமும் அதே ஊரில்தான் இருக்கிறது.

பாலம் ஏன் விழுந்தது? 1928-இல் கட்டப்பட்ட அப்பாலம், துளையுள்ள எஃகுப் பட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தொங்கவிடப்பட்டது. அப்பட்டைகளுள் ஒன்றில், இணைப்பின் உட்புறத்தில், ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு விரிசல் இருந்தது. துருவும் சுமையும் ஆண்டுக்கணக்கில் அதனை வளர்த்தன. கட்டிய காலத்து வண்டிகளைவிட மிகக் கனமான வண்டிகள், மிகுதியான எண்ணிக்கையில், நாளும் அதன்மேல் ஓடின. ஒரு பட்டை அறுந்தவுடன் சுமையைத் தாங்க மாற்று வழி இல்லாமல் பாலம் முழுவதும் சரிந்தது. இணைப்பைக் கழற்றாமல் அவ்விரிசலைக் காண அன்று வழியில்லை. பாலம் விழுந்த பின்னரே 1968-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1971-இல் நாடு முழுவதற்கும் பாலங்களைச் சோதிக்கும் விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. அதற்குப்பின் எத்தனையோ உயிர்கள் காக்கப்பட்டிருந்தால், அதற்குக் காரணம் விரிசலைத் தேடியவர்களே. சிறகைத் தேடியவர்களால் ஒரு பாலமும் உறுதி பெறவில்லை.

அவ்வூரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. கார்ன்ஸ்டாக் என்னும் பழங்குடித் தலைவர் இட்ட சாபமே ஊரின் துன்பங்களுக்கெல்லாம் காரணம் என்பர். வரலாறு கூறுவது வேறு. ஷானி இனத்தவரின் தலைவரான அவர் 1774-இல் அவ்விடத்தில் குடியேறிகளின் படையோடு போரிட்டவர். பின்னர் அமைதியை நாடியவர். 1777-இல் பேச்சுக்காகக் கோட்டைக்கு வந்த அவரைப் பிடித்து வைத்துக்கொண்டனர். தம் தோழன் ஒருவன் வேறு யாராலோ கொல்லப்பட்டதற்குப் பழிதீர்க்க எண்ணிய படைவீரர்கள், நவம்பர் 10 அன்று அவரையும் அவர்தம் மகனையும் சுட்டுக் கொன்றனர். சாபக் கதை மிகப் பிற்காலத்தில் எழுந்தது. நம்பி வந்த ஒருவரைக் கொன்ற குற்றம் அக்கதையில் பின்னுக்குப் போய்விடுகிறது. கொலையுண்டவரே ஊரைக் கெடுத்த கொடியவராக முன்னுக்கு வருகிறார்.

பயணத் தடத்தில் அடுத்து வருவது வெஸ்டன் நகரத்து மனநல மருத்துவமனை. 1864-இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிய அம்மாபெரும் கல் கட்டடம் 250 பேருக்கெனத் திட்டமிடப்பட்டது. 1950-களில் அங்கே ஏறத்தாழ 2,400 பேர் அடைபட்டுக் கிடந்தனர். மூளையின் முன்பகுதி இணைப்புகளை அறுக்கும் சிகிச்சைக்கும் அங்குப் பலர் ஆளாயினர். 1994-இல் மருத்துவமனை மூடப்பட்டது. 2007-இல் ஏலத்தில் தனியார் கைக்குச் சென்றபின், பகலில் வரலாற்றுச் சுற்றுலாவும் இரவில் ஆவி வேட்டையும் நடைபெறுகின்றன. மவுண்ட்ஸ்வில் நகரத்தில் 1876 முதல் 1995 வரை இயங்கிய சிறைச்சாலையும் இத்தகையதே. 94 பேர் அங்கே கொல்லப்பட்டனர்: 85 பேர் தூக்குக் கயிற்றில், 9 பேர் மின்சார நாற்காலியில். 5 அடி அகலமும் 7 அடி நீளமும் கொண்ட அறைகளில் மனிதரை அடைத்து வைப்பது கொடுமை என்று 1986-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அவ்வறைகளுக்குள் கைவிளக்குடன் நுழைந்து, யாரேனும் இருக்கிறீர்களா என்று கேட்கின்றனர் பயணிகள். மனிதர் உண்மையாகவே அங்கு இருந்த காலத்தில் அக்கேள்வியைக் கேட்டவர் மிகச் சிலர்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பேய்க்கதையின் இயல்பு ஒன்று தெளிவாகிறது. அநீதிக்கு ஆளானவரை அது அச்சுறுத்துபவராக மாற்றிவிடுகிறது. கைவிடப்பட்ட நோயாளி, தூக்கிலிடப்பட்ட கைதி, நம்பிக் கெட்ட தலைவர் ஆகிய அனைவரும் நாம் விலகி ஓட வேண்டியவர் ஆகின்றனர். அடைத்தவர், அறுத்தவர், சுட்டவர், சுமையேற்றியவர் எவரும் கதைக்குள் வருவதில்லை. ஆகவே அச்சம் இங்கே ஒரு வசதியும் ஆகிறது. நம்மை நடுங்கச் செய்வதால் நம் கடமையை மறக்கச் செய்கிறது.

இதற்காக அயல்நாடு வரை செல்ல வேண்டுவதில்லை. நம் ஊர்களில் எவரைப் பேய் என்கிறோம்? பிள்ளைப்பேற்றில் மாண்ட தாய், மாமியார் வீட்டில் எரிந்துபோன மருமகள், கிணற்றில் விழுந்த இளம்பெண், சாதி வெறியால் வெட்டுண்ட இளைஞன். அகால மரணம் அடைந்தவர் என்று அவர்களுக்குப் பெயரிட்டு, அவர்கள் உலவுவதாக ஒரு புளியமரத்தையும் ஒதுக்கிவிடுகிறோம். உச்சிவேளையில் அப்பக்கம் போகாதே என்று பிள்ளைகளை எச்சரிக்கிறோம். அவள் ஏன் கிணற்றில் விழுந்தாள் என்று பிள்ளை கேட்டால், வாயைப் பொத்துகிறோம். மரத்துக்கு அஞ்சும் ஊர், அவளை அங்கே துரத்தியவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறது.

நற்செய்தி இக்கதையை முற்றிலும் வேறு விதமாகச் சொல்கிறது. உயிர்த்த ஆண்டவர் தம் சீடர் நடுவே வந்து நின்றபோது, அவர்கள் ஆவியைக் காண்பதாகவே எண்ணி அஞ்சினர் என்று லூக்கா எழுதுகிறார். உலக வழக்குப்படி அவர்களது அச்சம் பொருத்தமானதே. குற்றமின்றிக் கொல்லப்பட்டவர் திரும்பி வந்திருக்கிறார்; எதிரே நிற்பவர்களோ அவரைக் கைவிட்டு ஓடியவர்கள். பழிவாங்க வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் அமைதியை வாழ்த்தாகச் சொன்னார். தம் காயங்களைக் காட்டினார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். உண்ண ஏதேனும் உண்டா என்று கேட்டு, அவர்கள் கொடுத்த மீனை அவர்கள் முன் உண்டார். காயங்களை மறைக்காமலும் அவற்றைக் காட்டிப் பழி கேட்காமலும் திரும்பி வந்த ஒருவரை வழிபடும் நாம், மரித்தோரை எல்லாம் பழிவாங்கும் ஆவிகளாகக் காண்பது எவ்வாறு பொருந்தும்?

மாற்கு நற்செய்தியில் கல்லறைகளிடையே வாழ்ந்த மனிதனையும் நினைவில் கொள்வோம். சங்கிலியாலும் கட்ட முடியாத அவனை ஊரார் கண்டு அஞ்சினர். இயேசுவோ அவனுக்கு அஞ்சி விலகவுமில்லை, அவனை வேடிக்கை பார்க்கவுமில்லை. பெயரைக் கேட்டார். முடிவில் அவன் ஆடை அணிந்து, அறிவு தெளிந்து அமர்ந்திருந்தான். அவர் அவனைத் தன் வீட்டாரிடம் அனுப்பினார். அக்கல்லறை வெளிக்கும் வெஸ்டன் மருத்துவமனைக்கும் இடையே தொலைவு மிகுதி என்று நமக்குத் தோன்றவில்லை.

ஆதலின் மரித்தோரிடம் நாம் கொள்ளவேண்டிய உறவை அன்பே வரையறுக்க வேண்டும். அவர்களை அழைத்துப் பேச வைக்கும் முயற்சிகளைத் திருச்சபை விலக்குகிறது. மன்னர் சவுல், குறிசொல்லும் பெண்ணிடம் சென்று இறந்த சாமுவேலை எழுப்பச் சொன்ன நிகழ்ச்சி நமக்கு எச்சரிக்கையாகவே எழுதப்பட்டுள்ளது. இரவு முழுதும் கருவிகளை ஏந்திக்கொண்டு, விடை சொல் என்று இறந்தோரை அதட்டும் ஆவி வேட்டை விளையாட்டாயினும் நமக்குத் தகாதது. ஆனால் அவர்களுக்காக மன்றாடுவதைத் திருச்சபை விலக்கவில்லை, வேண்டிக் கேட்கிறது. போரில் வீழ்ந்தவர்களுக்காக யூதா மக்கபே காணிக்கை திரட்டி எருசலேமுக்கு அனுப்பியது அவ்வன்பினால். நவம்பர் முதல் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை கல்லறைகளைப் பக்தியுடன் சந்தித்து இறந்தோருக்காக வேண்டுவோர், உரிய நிபந்தனைகளின்படி, அவர்களுக்குப் பரிபூரண பலனை ஒப்புக்கொடுக்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். ஆவிச் சுற்றுலா இல்லையேல் அம்மருத்துவமனை இன்று இடிந்து மண்ணாகியிருக்கும். விட்டில் மனிதன் இல்லையேல் பாயிண்ட் பிளெசன்டுக்கு எவரும் வரமாட்டார். 46 பேரின் நினைவும் ஊரோடு ஒடுங்கியிருக்கும் என்பர். இதில் உண்மை இருக்கிறது. சுரங்க வேலைகள் குறைந்துபோன ஒரு மாநிலத்தின் சிற்றூர்களில் விழாவும் கடையும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. கூரையைப் பழுதுபார்க்கும் பணமும் நுழைவுக் கட்டணத்திலிருந்து வருகிறது. ஆகையால் இத்தகைய பயணம் முழுவதையும் பாவம் என்று ஒதுக்க நாம் துணியோம். கதை நம்மை அங்கே இட்டுச் செல்லட்டும். சென்றபின் கதையோடு நின்றுவிடுவதா, அப்பால் நடப்பதா என்பது நம் கையில் உள்ளது.

அப்பால் நடப்பது கடினமன்று. விட்டில் மனிதன் சிலையருகே படம் எடுத்துக்கொண்ட குடும்பம், பாலத்தில் மாண்டவர்களின் நினைவுச் சின்னம் வரை சென்று, அங்கே ஒரு பரலோக மந்திரம் சொல்லலாம். சிறையைக் காணும் தந்தை, மரண தண்டனையை அம்மாநிலம் 1965-இல் நீக்கியதையும், அது ஏற்கத்தகாதது என்று 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலிலேயே திருத்தி எழுதச் செய்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மருத்துவமனையைக் காணும் தாய், தம் சுற்றத்தில் மனநோயால் வருந்தி, எவரும் எட்டிப் பார்க்காமல் பின்கட்டில் கிடப்பவர் உண்டா என்று எண்ணிப் பார்க்கலாம். இவ்வாறு செய்தால் சுற்றுலாவும் ஓரளவு திருப்பயணமாகும்.

நம் பங்குகளில் கல்லறைத் திருநாளன்று காணும் காட்சியை இங்கே எண்ணுவோம். புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, செவ்வந்தி மாலையிட்டு, மெழுகுதிரி ஏற்றுகிறோம். குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார். பிள்ளைகள் கல்லறைகளினூடே ஓடியாடுகின்றனர். இருட்டிய பின்னும் அவர்களுக்கு அச்சம் இல்லை. தாத்தாவின் பெயரை வாசித்துத் திரி ஏற்றிய பிள்ளைக்கு அவ்விடம் பேய் வீடாகத் தோன்றுவது எப்படி? ஆனால் அதே கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், மதிலை ஒட்டி, பெயரில்லாத மேடுகள் சில உண்டு. ஊர் எவர்களைப் பற்றிக் கதை கட்டியதோ, பெரும்பாலும் அவர்கள் அங்கேதான் கிடக்கின்றனர். வரும் நவம்பரில் நம் வீட்டாரின் கல்லறைகளில் ஏற்றியபின் கையில் ஒரு திரியை மீதம் வைத்துக்கொள்வோம். அந்த மேட்டில் அடங்கியிருப்பவரின் பெயர் என்ன என்று ஊர்ப் பெரியவரைக் கேட்போம். அப்பெயரைத் திருப்பலியில் ஒப்புக்கொடுப்போம்.